பழத்தட்டோடு போன ஐந்து பேர்

1

தருமபுரியில் இருப்பவர்களுக்கு நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இன்றுவரை விளங்க வைக்க முடியவில்லை. குற்றவியல் படித்தவள் என்றால் போலீஸ் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வக்கீல் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எதற்காகப் படித்தாய் என்று கேட்கிறார்கள். என் அண்ணன் பஷீர் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "இன்னமும் அந்தத் திருட்டுப் பசங்ககூடத்தான் ஒக்காந்திருக்கியா பாப்பா?" என்று விசாரிப்பார். ஆமாம் அண்ணே என்பேன். உண்மையும் ஏறக்குறைய அதுதான்.

வட இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்தில் நான் நன்னடத்தை அலுவலர். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களும், சிறைக்குப் போகாமலே தண்டனை பெற்றவர்களும் குறித்த நாளில் என் முன்னால் வந்து உட்கார வேண்டும். வேலை கிடைத்ததா, குடியை விட்டாயா, போகக்கூடாது என்று சொன்ன வீட்டுப் பக்கம் போனாயா என்று கேட்பேன். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, பாதி எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொல்வது. எது எந்தப் பாதி என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவதற்குத்தான் சம்பளம். நிபந்தனையை மீறியவனை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும் காகிதத்திலும் என் கையெழுத்துதான் இருக்கும்.

என் மகள் சமீராவும் இதே படிப்பைத் தேர்ந்தெடுத்தாள். பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும்போதே ஒரு பல்கலைக்கழகம் இடம் தருவதாகச் சொல்லிவிட்டது. நான் சொல்லித் தேர்ந்தெடுத்தாள் என்று ஊரில் நினைக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். அந்த இடம் உறுதியான கொஞ்ச நாளிலேயே, அது கையை விட்டுப் போய்விடும் என்கிற நிலைமை வந்தது. என்ன நடந்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை ஊரில் உலவுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

2

எனக்கு இந்தப் படிப்பு கிடைத்ததே ஒரு கூத்து. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் பாத்திரக்கடை. அத்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது விண்ணப்பத்தை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா சொல்லித் தருவாங்க?" என்றார். ஒருவன் ஏன் திருடுகிறான், திருடியவனை என்ன செய்தால் மறுபடி திருடமாட்டான் என்பதைச் சொல்லித் தருவார்கள் என்றேன். அத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவனுக்கு ஒரு கடை வெச்சிக் குடுத்துட்டா முடிஞ்சிதே" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே கடைக்கு வருகிறவர்களிடம், பொண்ணு ஜட்ஜ் வேலைக்குப் படிக்குது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நானும் திருத்தப் போகவில்லை.

என்னுடன் படித்தவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். ஒருத்தன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, வங்கி அட்டைகளில் நடக்கும் மோசடியை நாள் முழுக்கத் திரையில் தேடுகிறான். ஒருத்தி தடய அறிவியல் ஆய்வகத்தில். ஒருத்தன் தேர்வெழுதி சிறைத்துறைக்குப் போனான், கைதிகளின் குடும்பத்தோடு பேசுகிற வேலை. மல்லிகா குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறாள். குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போய் ஊராரிடம் வசவு வாங்கிக்கொண்டு திரும்புவது அவளுக்கு வாடிக்கை. இன்னொருத்தி அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் துணிக்கடை வைத்திருக்கிறாள். குற்றவியல் படித்தால் என்ன ஆகலாம் என்று ஊரிலிருந்து பிள்ளைகள் கேட்டால் இந்தப் பட்டியலைத்தான் சொல்கிறேன். துணிக்கடையைச் சொல்லும்போது மட்டும் எதிர்முனையில் சத்தம் நின்றுவிடும்.

இக்பாலைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து, மறுபடி படித்து, இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது என் பூர்வீகத்தையே தோண்டி எடுத்தார்கள். இருந்த வீடுகளின் முகவரி எல்லாம் கேட்டார்கள். தருமபுரி வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டல்லவா, அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரண்டு வீட்டில் எந்த வீட்டில் எந்த மாதம் இருந்தாய் என்று திருப்பிக் கேட்டார்கள். ஒரே வீடுதான் என்று நிரூபிக்க அண்ணன் நகராட்சிக்கு நடையாய் நடந்தார். குற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆள் என்று காட்டினால்தான் குற்றவாளிகளோடு உட்காரவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

3

எமிலியும் சமீராவும் சின்ன வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். எமிலியின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவுக்கு அடுத்த தெரு. பெருநாளுக்கு எங்கள் வீட்டு பிரியாணியை அவள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். பெண்பிள்ளைகள் வளர்ந்தால் பேச்சு குறையும், கதவு சாத்திக்கொள்ளும். என்னிடம் சொல்லாததையெல்லாம் சமீரா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழ் நன்றாகவே தெரியும், ஆனால் அப்போது தமிழில் என்னிடம் சொல்வது பெரும்பாலும் பசிக்குது, தூக்கம் வருது இரண்டும்தான்.

சமீரா நம்பி அனுப்பிய செய்திகளை எமிலி வேறு சிலருக்குக் காட்டிவிட்டாள். என்ன செய்தி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பள்ளிக்கு வெளியே படிக்கட்டில் நின்று இருவரும் சத்தம் போட்டிருக்கிறார்கள். சமீரா பிடித்துத் தள்ளினாள். எமிலி படியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கம்பி வைத்து அறுவை செய்யும் அளவுக்கு உடைந்தது.

அன்று மாலை சமீரா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நான் எமிலிய தள்ளிட்டேன். கை ஒடஞ்சிருச்சு" என்றாள். எமிலியின் அம்மா போலீசுக்குச் சொல்லிவிட்டார். சமீராவுக்குப் பதினெட்டு ஆகவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டபோது நானும் கூட உட்கார்ந்தேன். தள்ளினேன் என்று ஒப்புக்கொண்டாள். விசாரித்த பெண் அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். முதல் முறை, ஒப்புக்கொண்டிருக்கிறாள், அதனால் நீதிமன்றம் போகாமல் முடிக்க ஒரு வழி இருக்கிறது என்றார். இரு பெண்களையும் ஒரு அறையில் உட்கார வைத்து, பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்பது. எமிலி சம்மதித்தால் மட்டும். அதுவரை எந்த விதத்திலும், யார் மூலமாகவும் அந்தக் குடும்பத்தைத் தொடர்புகொள்ளக் கூடாது என்றும் சொன்னார்.

நீதிமன்றம் வரை போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடிதடிக் குற்றம் பதிவில் ஏறியவளைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளுமா, சேர்த்துக்கொண்டாலும் சிறையிலோ சிறார் இல்லத்திலோ பயிற்சிக்கு அனுப்புமா, படித்து முடித்தாலும் என் வேலையைப் போன்ற ஒரு வேலையை யாராவது தருவார்களா. எத்தனையோ இளம் பிள்ளைகளின் கோப்பில் இதே கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இல்லை என்று. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

4

அண்ணனும் அண்ணியும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். முதல் முறையாக விமானம் ஏறி, கோடையைக் கழிக்க வந்திருந்தார்கள். அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாத்திரக்கடை அவருக்குப் பாதி வேலைதான். மீதி வேலை, பேசி முடிப்பது. வண்டி மோதிய தகராறா, வாய்க்கால் சண்டையா, வாடகைக்கடைப் பிரச்சினையா, எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் "பாய் வந்தா முடிஞ்சிரும்" என்று கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அவருக்கு அதில் ஒரு பைசா வரவும் இல்லை, வாங்கவும் மாட்டார். பெருமை மட்டும்தான், அது நிறையவே உண்டு.

அந்த வேலைக்கு அவரிடம் ஒரு முறை இருக்கிறது. தப்பு செய்தவன் போகக் கூடாது. அவன் மூஞ்சியைப் பார்த்தால் எதிராளிக்குக் கோபம் ஏறும். அவன் சார்பாகப் பெரியவர்கள் போக வேண்டும். வெறும் கையோடு போகாமல் தட்டில் பழம், சர்க்கரை, வெற்றிலை வைத்துக்கொண்டு போக வேண்டும். நாலு பேராவது போக வேண்டும். தனியாகப் போனால் எதிராளியை மதிக்கவில்லை என்று அர்த்தம். வாசலில் நின்று, புள்ள அறியாம பண்ணிடுச்சி என்று தணிந்து பேச வேண்டும். தட்டை வாங்கிக்கொண்டால் வழக்கு முடிந்தது, மறுநாள் ஸ்டேஷனில் ராஜி எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

விசாரணை முடிந்து வந்த அன்று சாப்பிடும்போது, அந்தக் குடும்பத்தைத் தொடர்புகொள்ளவே கூடாதாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். சமீராவைப் பார்த்து, "ஆமாங்கண்ணு, நீ அந்தப் பக்கமே போவாத" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் வேலையில் இருந்தேன். அண்ணன் ஊரிலிருந்து எங்களுக்குக் கொண்டுவந்த புது எவர்சில்வர் தட்டை எடுத்து ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, ஒரு அன்னாசி, ஒரு பொட்டலம் கற்கண்டு எல்லாம் அடுக்கினார். வெற்றிலை கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட்டாராம். அண்ணி தலையை மூடிக்கொண்டு கிளம்பினார். ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமே, அதற்கு இக்பால். மூன்று பேர் நல்ல எண்ணிக்கை இல்லை என்று, நாலு வீடு தள்ளி இருக்கும் நம்ம ஊர்ப் பக்கத்துத் தம்பதியையும் கூப்பிட்டுக்கொண்டார். என் கணவர் மட்டும் ஒரு தடவை, என் பெயரைச் சொல்லி, ஜரீனாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமே மச்சான் என்றிருக்கிறார். "அவளக் கேட்டா சட்டம் பேசுவா மாப்ள. முடிச்சிட்டு வந்து சொல்லிக்கலாம்" என்றிருக்கிறார் அண்ணன்.

5

நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சோபாவில் நிம்மதியாகச் சாய்ந்திருந்தார். "முடிஞ்சிது பாப்பா. டீயப் போடு" என்றார்.

"என்ன முடிஞ்சிது?"

"அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போயிட்டு வந்தோம். அந்தம்மா தட்ட வாங்கிக்கிச்சி. நாங்க பேசப் பேச கண்ணுல தண்ணி வந்துடுச்சி அதுக்கு. மனசு எறங்கிடுச்சி."

அவர்கள் வீட்டு அழைப்பு மணியில் கேமரா இருக்கிறது. இந்தப் பக்கம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அண்ணன் அதைப் பார்த்துத் தினமும் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அது படம் மட்டுமல்ல, பேச்சையும் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"அங்க என்னண்ணே பேசினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன பேசுவாங்க? நம்ம புள்ள தெரியாம பண்ணிடுச்சி, மன்னிச்சிக்கிடுங்கன்னேன். ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கறோம், கேச வாபஸ் வாங்கிக்கச் சொல்லுங்க மாப்ளன்னேன். பொம்பளப் புள்ளைங்க சமாச்சாரம், கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா ரெண்டு புள்ளைக்கும்தான் கெட்ட பேருன்னேன். எப்பவும் சொல்றதுதான்."

இங்கே ஆஸ்பத்திரியில் யாரும் பணம் கட்டுவதில்லை என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இக்பால் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் சாரி மட்டும்தான் சொன்னேன். மத்தத நான் சொல்லல" என்றார்.

"ஏங்க, உங்களுக்குமா தெரியல?"

"பெரியவரு சொல்றப்போ என்ன பண்றது? அதுவுமில்லாம முடிஞ்சிரும்னு எனக்கே தோணிச்சு" என்றார். அவர் மேல் வந்த கோபத்தை விட, அந்த நேரத்தில் எனக்கும், ஒருவேளை முடிந்திருக்குமோ என்று ஒரு ஆசை வந்ததே, அதன் மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

சமீரா மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, அவங்க அம்மா பயந்துதான் அழுதிருப்பாங்க" என்றாள். அண்ணனுக்கு அது புரியவேயில்லை. "பழம் குடுத்தா யாராச்சும் பயப்புடுவாங்களா கண்ணு?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

எனக்குப் பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம் நினைவுக்கு வந்தது. படிக்கும்போது களப்பணிக்குப் போயிருந்தேன். ஆடு மேய்ந்த தகராறில் ஒருத்தன் ஒரு அம்மாவைக் கழியால் அடித்துவிட்டான். அவர் புகார் கொடுத்தார். மறுநாள் அடித்தவன் பக்கத்திலிருந்து தட்டோடு பெரியவர்கள் வந்தார்கள். அந்த அம்மா தட்டை வாங்கினார், புகாரைத் திரும்பப் பெற்றார், எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அழகாக முடிந்தது என்று எழுதிக்கொண்டுபோய் வகுப்பில் வாசித்தேன். மல்லிகா எழுந்து, "தட்டோட வந்தவங்க எத்தன பேரு? அந்தம்மா பக்கத்துல எத்தன பேரு நின்னாங்க?" என்று கேட்டாள். வந்தவர்கள் பதினொரு பேர். அந்த அம்மா பக்கத்தில் அவருடைய மருமகள் மட்டும், இடுப்பில் குழந்தையோடு. குற்றவியலில் நான் படித்த தாள்கள் எல்லாம் மறந்துபோயிருக்கலாம், அந்தக் கேள்வி மறக்கவில்லை.

6

திங்கட்கிழமை போலீசிலிருந்து அழைத்தார்கள். சாட்சியை மிரட்டியதாகப் புகார். மாலை நேரத்தில், முன்பின் தெரியாத ஆட்கள் ஐந்து பேர் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள், தெரியாத மொழியில் பேசினார்கள், ஒரு தட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள், வீட்டில் நானும் என் மகளும்தான் இருந்தோம் என்று எமிலியின் அம்மா சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றும் உண்மை.

மன்னிப்புக் கூட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. சமீராதான் ஆள் அனுப்பினாளா என்று தெரிய வேண்டும், அவளை மறுபடி விசாரிப்போம் என்றார்கள். அவள் அனுப்பியதாக முடிவானால் நேரே நீதிமன்றம்தான், முதல் குற்றத்தை விட இது பெரிது. நான் என் மேலதிகாரியிடம் போய், என் வீட்டில் இப்படியொரு வழக்கு இருக்கிறது என்று எழுத்தில் கொடுத்தேன். அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சில கோப்புகள் என் மேசைக்கு வருவது நின்றுபோனது.

வீட்டில் அண்ணன் அமைதியாக இருக்கவில்லை. நானே போய் அந்தம்மாவிடம் விளக்கிச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று இரண்டு தடவை கிளம்பினார். அவருடைய ஷூவை எடுத்து என் கார் டிக்கியில் போட்டுப் பூட்டினேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். அப்போது சிரிப்பு வரவில்லை.

"அந்த ஆபீசரு என்ன சொன்னாங்க? ரெண்டு புள்ளையும் ஒக்கார வெச்சி மன்னிப்புக் கேக்க வெக்கறேன்னாங்க. நானும் அதத்தான செஞ்சேன்? அவங்க ரூம்ல கேட்டா சட்டம், வாசல்ல கேட்டா குத்தமா?" என்றார்.

"அங்க அந்தப் பொண்ணு வரமாட்டேன்னு சொல்லலாம்ணே."

"இங்கயும் சொல்லலாமே. கதவச் சாத்திக்கிட்டா நாங்க என்ன ஒடச்சிக்கிட்டா போவப் போறோம்?"

"அஞ்சு பேரு நிக்கறப்ப யாராலண்ணே சாத்த முடியும்?"

அண்ணன் சோபாவில் உட்கார்ந்து, "நான் முடிச்சி வெச்ச கேசெல்லாம் அப்போ என்னாது?" என்றார். எல்லாமே அப்படியில்லை அண்ணே என்றேன். எவை அப்படி, எவை அப்படியில்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் அவர் கையே வைக்கவில்லை. அண்ணி என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

விசாரணைக்கு முன்பு எங்கள் வழக்கறிஞர், சின்ன வயதுப் பையன், சமீராவிடம் பேசினார். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, அவர்கள் என்ன பேசினார்கள் என்பது உனக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை என்றார். இக்பால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கேட்டா மன்னிப்புக் கேக்கத்தான் போனாங்கன்னு சொல்லும்மா. அது பொய் இல்லியே" என்றார். பொய் இல்லைதான். சமீரா என்னைப் பார்த்தாள். நான் காரின் சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் கையை விட்டேன்.

7

விசாரணை அறையில் அவளுக்குத் துணையாக நான் உட்கார்ந்தேன். தட்டோடு போன ஐந்து பேரில் நான் இல்லை என்பதால் அனுமதித்தார்கள். துணைக்கு உட்காருகிறவர் அவளுக்காகப் பதில் சொல்லக் கூடாது. அவளுக்குக் கேள்வி புரிகிறதா, அவளை நியாயமாக நடத்துகிறார்களா என்று மட்டும் பார்க்கலாம். இத்தனை காலம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகிய எனக்கு, இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது நாற்காலி குள்ளமாக இருப்பதுபோல் தெரிந்தது.

அந்தப் பெண் அதிகாரி கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். அண்ணன் வாசலில் பணிவாகக் குனிந்து நிற்கிறார். அண்ணி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் அந்தத் தம்பதி. அண்ணனின் முகத்தில் இருந்த பணிவு எனக்குத் தெரிந்தது. கதவு பாதி திறந்த இடத்திலிருந்து பார்த்தால் அங்கே ஐந்து தலைகள்தான் தெரியும். அதுவும் எனக்குத் தெரிந்தது.

இவர்கள் போகப் போகிறார்கள் என்று உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார் அதிகாரி. தெரியாது என்றாள் சமீரா. முறையான மொழிபெயர்ப்புக்கு அனுப்பியிருக்கிறோம், அது வரட்டும், ஆனால் இதில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்குப் புரிகிறதா, விரும்பினால் சொல்லலாம் என்றார்.

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். நான் சமீராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கிறார் என்று மட்டும் சொல், அது உண்மைதான், அதோடு நிறுத்து என்று மனதுக்குள் கெஞ்சினேன். மொழிபெயர்ப்பு வந்தால் வரட்டும், அவள் வாயால் வர வேண்டாம். அவள் என் பக்கம் திரும்பவில்லை. மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

என் மாமா முதலில் மன்னிப்புக் கேட்கிறார், அது உண்மையான மன்னிப்பு என்றாள். பிறகு வழக்கைத் திரும்பப் பெறச் சொல்கிறார். நீதிமன்றம் போனால் இரண்டு பெண்களுக்கும் கெட்ட பெயர் வரும் என்கிறார். எங்கள் ஊரில் அது அறிவுரை. ஆனால் இதை எமிலியின் அம்மா புரிந்துகொண்டிருந்தாலும் பயந்துதான் இருப்பார் என்று நினைக்கிறேன் என்றாள். கடைசியாக, எமிலிக்கு என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் வர வேண்டாம், இதற்காக அவள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் சொன்னாள். நான் எழுதிய எந்த அறிக்கையும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அதன் விளைவுகளையும் சொல்லிவிடுகிறேன். எமிலி கூட்டத்துக்கு வர மறுத்துவிட்டாள். அதனால் எளிதாக முடிக்கும் அந்த வழி அடைபட்டது. ஆள் அனுப்பியது சமீரா இல்லை என்று ஏற்றுக்கொண்டு, நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், நிபந்தனைகளோடு சிறார் எச்சரிக்கை கொடுத்தார்கள். அது காவல்துறையின் பதிவில் இருக்கும். அவள் விண்ணப்பிக்கும் வேலையைப் பொறுத்து அதை வெளியே எடுக்கவும் செய்யலாம். பல்கலைக்கழகம் அவளை நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. இடம் போகவில்லை, ஆனால் ஒரு வருடம் கழித்து வா என்றது. அண்ணனை விசாரித்து, எழுத்தில் எச்சரித்து அனுப்பினார்கள். அதற்காக அண்ணனும் அண்ணியும் ஊர் திரும்பும் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் சமீராவின் தலையில் கை வைத்தார், ஆனால் பேசவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும், இனி யாருக்கும் பேசி முடிக்கப் போவதில்லை என்று அண்ணியிடம் சொன்னாராம். அதுவும் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. விசாரணை முடிந்த அன்று, காரில் உட்கார்ந்து நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். வெளியே மழை தூறியது. சமீரா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "மாமா எங்கிட்ட பேசுவாரா இனிமே?" என்று கேட்டாள்.

"பேசுவாரு. கொஞ்ச நாள் ஆகும்."

"அம்மா, என் இடத்துல நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

வேறு யாராவது கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். "மன்னிப்புக் கேட்டாங்கன்னு மட்டும் சொல்லியிருப்பேன்" என்றேன்.

"தெரியும்மா" என்றாள் சமீரா. "அதான் உங்க பக்கம் திரும்பவே இல்ல."